தண்ணீர் பறந்தால் குளிரும்!



பரீட்சை முடிந்தாயிற்று. புத்தகப் பை பரணுக்குப் போயாயிற்று. வெளியே வெயில் கொளுத்துகிறது. இப்போது உனக்கு என்ன வேண்டும்? தண்ணீர்! குடிக்க, குளிக்க, தலையில் கொட்டிக்கொள்ள, அண்ணன் மேல் ஊற்றிவிட்டு ஓட!

ஆனால் வாளியைக் கையில் எடுத்ததும் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். "தண்ணியைக் கொட்டித் தீர்க்காதே! நாளைக்கு லாரி வருமோ வராதோ!"

ஆட்டமும் வேண்டும், தண்ணீரும் மிச்சமாக வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்குமா? நடக்கும். தண்ணீர் நம்மை எப்படிக் குளிர்விக்கிறது என்பது தெரிந்தால் போதும். நீதான் எதையும் "ஏன்? எப்படி?" என்று கேட்கிற கெட்டிக்காரப் பிள்ளை ஆயிற்றே! வா, ஒரு சின்னச் சோதனையில் ஆரம்பிப்போம்.

தட்டும் தம்ளரும்

ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் எடு. இன்னொரு தம்ளர் தண்ணீரை ஒரு சாப்பாட்டுத் தட்டில் ஊற்று. இரண்டையும் மொட்டை மாடியில் வெயில் படும் இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வை. காக்கை வந்து தட்டிவிடாமல் பார்த்துக்கொள்.

சாயங்காலம் போய்ப் பார். தட்டு காய்ந்து கிடக்கும், அல்லது அடியில் கொஞ்சம் ஈரம்தான் மிச்சமிருக்கும். தம்ளரிலோ பெரும்பாலான தண்ணீர் அப்படியே இருக்கும்.

அளவு ஒன்று, வெயில் ஒன்று, காற்றும் ஒன்று. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? அடுத்த பத்தியைப் படிக்கும் முன் நீயே கொஞ்சம் யோசி.

யோசித்தாயா? சபாஷ்!

தண்ணீர் என்பது கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடித் துகள்களின் கூட்டம். பாடப் புத்தகத்தில் இவற்றை மூலக்கூறுகள் என்று படித்திருப்பாய். இவை ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. சில மெதுவாக நகரும், சில துறுதுறுவென்று ஓடும்.

உன் வகுப்பில் லாங் பெல் அடித்ததும் என்ன நடக்கும்? துறுதுறுப்பான பிள்ளைகள்தான் முதலில் வாசலைத் தாண்டி ஓடுவார்கள். சாதுவான பிள்ளைகள் மெல்லப் பையை மூடிக்கொண்டு உள்ளேயே இருப்பார்கள். ஓடுகிறவர்கள் ஓடியதும் வகுப்பில் சத்தம் அடங்கிவிடும், இல்லையா?

தண்ணீரிலும் இதுதான் நடக்கிறது. வேகமான துகள்கள் முதலில் மேற்பரப்பைத் தாண்டிக் காற்றில் பறந்துவிடுகின்றன. மெதுவானவை பின்தங்கி நிற்கின்றன. துகள்களின் வேகம்தான் நமக்குச் சூடாகத் தெரிகிறது. வேகமானவை போய்விட்டால் மிச்சத் தண்ணீர் குளிர்ந்துவிடும். துகள்கள் இப்படிப் பறந்துபோவதைத்தான் ஆவியாதல் என்கிறோம்.

தட்டுக்கு வாசல் அகலம், தம்ளருக்கு வாசல் குறுகல். அதனால்தான் தட்டுத் தண்ணீர் சீக்கிரம் பறந்தது. இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் தட்டையும் தம்ளரையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வா. நான் காத்திருக்கிறேன்.

காற்றுக்கு என்ன வேலை?

ஒரு புறங்கையை மட்டும் நனைத்துக்கொள். மற்றது காய்ந்தே இருக்கட்டும். இரண்டையும் மின்விசிறிக்கு நேரே நீட்டு. ஈரக் கை ஜில்லென்று இருக்கும். காய்ந்த கையில் அந்தக் குளிர்ச்சி தெரியாது.

மின்விசிறி அறைக் காற்றைக் குளிர்விப்பதில்லை. ஆள் இல்லாத அறையில் அதைச் சுழல விட்டால் அறை கொஞ்சமும் குளிராது. உன் தோல் மேல் இருக்கும் வியர்வையை அது சீக்கிரம் பறக்க வைக்கிறது. வியர்வை பறக்கும்போது உன் உடம்பின் வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு போகிறது.

இன்னொன்றையும் கவனி. லாங் பெல் அடித்த பிறகு வராந்தா முழுக்கப் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றால், வகுப்புக்குள் இருப்பவர்கள் வெளியே வர முடியுமா? காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் தண்ணீருக்கும் அந்தக் கதிதான். கடலோரச் சென்னையில் வியர்வை காயாமல் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். மதுரையில் வெயில் அதிகம். ஆனால் காற்று வறண்டிருப்பதால் வியர்வை சட்டென்று காய்ந்துவிடும்.

பானைக்குள் ஒரு கணக்கு

பாட்டி வீட்டு மண்பானையின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா? ஈரமாக இருக்கும். பானை ஓட்டை என்று நினைத்துவிடாதே. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. அவற்றின் வழியே தண்ணீர் மெல்லக் கசிந்து வெளிப்பக்கத்துக்கு வந்து ஆவியாகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது.

இப்போது ஓர் ஆச்சரியம் சொல்கிறேன். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஓர் அளவு வெப்பம் தேவை. அதே ஒரு லிட்டர் ஆவியாகிப் பறக்க வேண்டுமானால், அதைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு வெப்பம் தேவை! அவ்வளவு வெப்பத்தையும் அது பக்கத்தில் இருப்பதிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும்.

பத்து லிட்டர் பானையில் ஒரே ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி லிட்டர், கசிந்து ஆவியாகிறது என்று வைத்துக்கொள். மிச்சத் தண்ணீர் 10 டிகிரிக்கு மேல் குளிர வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. நிஜத்தில் அவ்வளவு குளிராது. வெளிச்சூடு பானைக்குள் வந்துகொண்டே இருக்குமே! ஆனாலும் ஒரு தம்ளர் தண்ணீருக்கு எவ்வளவு சக்தி, பார்த்தாயா?

பானையை நிழலில், காற்று வரும் சன்னல் பக்கம் வை. மூடிய அலமாரிக்குள் வைத்தால் பயனில்லை. அழகுக்காக வெளியில் பெயின்ட் அடித்த பானையும் உதவாது. துளைகள் அடைந்துவிட்டால் கசிவு ஏது, குளிர்ச்சி ஏது?

நைஜீரியா நாட்டில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் இருந்தார். பானை செய்கிற குடும்பத்தில் பிறந்தவர். 1990களில் அவர் ஒரு பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, நடுவே மணலை நிரப்பினார். மணலை ஈரமாக வைத்துக்கொண்டு, மேலே ஈரத்துணி போட்டு மூடினார். உள்ளே வைத்த கத்தரிக்காயும் தக்காளியும் வாடாமல் பல நாள் தாங்கின. மின்சாரமே இல்லாத கிராமங்களுக்கு இதுவே குளிர்ப்பெட்டி ஆனது. நம் வீட்டிலும் செய்து பார்க்கலாம். இரண்டு பானையும் ஆற்று மணலும் இருந்தால் போதும்.

பீய்ச்சி விளையாடலாம்

இனி ஆட்டத்துக்கு வருவோம். இதற்காகத்தானே காத்திருந்தாய்?

ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டினால் என்ன ஆகும்? பெரும்பங்கு தரையில் விழுந்து சாக்கடைக்கு ஓடிவிடும். உன் உடம்பில் ஒட்டி, அங்கிருந்து ஆவியாவது கொஞ்சம்தான். வாளித் தண்ணீர் ஜில்லென்று இருந்தால் தொட்ட மாத்திரத்தில் கொஞ்சம் குளிர்ச்சி கிடைக்கும், உண்மைதான். ஆனால் மே மாத மதியத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். குழாயைத் திறந்தால் கை சுடும்!

வாளிக்குப் பதிலாகத் தெளிப்பான் குப்பியை எடுத்துக்கொள். சலூனில் முடி வெட்டும்போது தலையில் புஸ்ஸென்று அடிப்பார்களே, அதுதான்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே உருண்டையாக்க முடியும் என்று வைத்துக்கொள். அதன் மேற்பரப்பு சுமார் 480 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அதே தண்ணீரை ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளிகளாகச் சிதறடித்தால் ஏறக்குறைய 19 லட்சம் துளிகள் கிடைக்கும். எல்லாத் துளிகளின் மேற்பரப்பையும் கூட்டினால் 60,000 சதுர சென்டிமீட்டர். இரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளம் உள்ள ஓர் அறையின் தரை அளவு! தெளிப்பானிலிருந்து வரும் துளிகள் இன்னும் பொடியானவை. எத்தனை துளியோ, அத்தனை வாசல்!

ஆட்ட விதி இதுதான். ஆளுக்கு ஓர் அரை லிட்டர் குப்பி. குப்பி காலியானால் ஆட்டம் அவுட். மறுபடி நிரப்பக் கூடாது. நான்கு பேர் ஆடினால் மொத்தச் செலவு இரண்டே லிட்டர். நனைந்த சட்டையோடு வேப்ப மரத்தடியில் காற்று வாங்கு. பிறகு சொல், எது ஜில்லென்று இருக்கிறது என்று.

ஓர் எச்சரிக்கை. பூச்சிமருந்தோ, தரை துடைக்கும் மருந்தோ இருந்த குப்பியைத் தொடவே கூடாது. கழுவினாலும் கூடாது. புதுக் குப்பிதான் வேண்டும்.

மதுரைப் பிள்ளைகளுக்கு இந்தக் கலை புதிதில்லை. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்க வரும்போது பக்தர்கள் தோப்பறை என்கிற ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பிக்கொள்வார்கள். அதன் சின்னத் துவாரம் வழியாக அழகர் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். சித்திரை வெயிலில் அந்தத் துளி பட்டவர்களைக் கேட்டுப் பார், சுகம் சொல்வார்கள்.

குளியலும் செடியும்

வீட்டில் ஷவர் இருக்கிறதா? அதன் கீழே ஒரு வாளியை வை. ஒரு நிமிடம் திறந்துவிட்டு மூடு. எத்தனை மக் தண்ணீர் சேர்ந்தது என்று எண்ணு. நீ எத்தனை நிமிடம் ஷவரில் நிற்கிறாயோ, அதால் பெருக்கு. விடையைப் பார்த்த பிறகு ஷவரா, வாளியும் மக்குமா என்று நீயே முடிவு செய். காலையில், தொட்டி சூடாவதற்குள் குளித்துவிட்டால் இன்னும் சுகம்.

கிராமத்துப் பிள்ளை என்றால் உனக்குப் பம்புசெட் குளியல் இருக்கிறது. கொடுத்து வைத்தவன் நீ! குழாயிலிருந்து குபுகுபுவென்று கொட்டும் தண்ணீரில் நீ ஆடலாம். அது தொட்டியிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் போய்விடும். வயலுக்குப் பாயும் நேரம் பார்த்துப் போனால் உனக்கென்று தனியாக ஒரு சொட்டும் செலவில்லை. சோப்பை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ. பெரியவர்கள் துணை கட்டாயம் வேண்டும். ஈரக் கையோடு மோட்டார் சுவிட்ச் பக்கம் போகவே கூடாது. நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதிக்கிற வீரமும் வேண்டாம்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது வாசல் கணக்கைத் தலைகீழாகப் போடு. நமக்குக் குளிர்ச்சி வேண்டுமென்று வாசலைத் திறந்தோம். செடிக்கு வேரில் ஈரம் நிற்க வேண்டும். அங்கே வாசலைச் சாத்த வேண்டும். எப்படி?

உச்சி வெயிலில் ஊற்றாதே. அதிகாலையில் அல்லது சாயங்காலம் ஊற்று. செடியைச் சுற்றிக் காய்ந்த சருகு, வைக்கோல், தேங்காய் நார் இதில் எதையாவது பரப்பு. வெயிலும் காற்றும் மண்ணைத் தொடாது. விவசாயிகள் இதை மூடாக்கு என்கிறார்கள். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் செடிக்கே போகட்டும்.

இன்னொரு வழி, பானைப் பாசனம். ஒரு சிறு மண்பானையைச் செடிக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி, வாயை மூடிவிடு. சுற்றியுள்ள மண் காய்ந்தால் பானையிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மண் ஈரமாகிவிட்டால் கசிவும் குறைந்துவிடும். நீ நாலு நாள் ஊருக்குப் போனாலும் செடி தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். சீனாவில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட ஒரு வேளாண் நூலில் இந்த முறை இருக்கிறது.

பறந்தது திரும்பி வருகிறது

வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஏசி இருந்தால், வெளியே ஒரு மெல்லிய குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பாய். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஏசிக்குத் தண்ணீர்க் குழாய் இணைப்பே இல்லையே!

கண்டுபிடித்துவிட்டாயா? காற்றிலிருந்துதான்! ஏசிக்குள் ஜில்லென்ற உலோகச் சுருள் இருக்கிறது. காற்றில் இருக்கும் நீராவி அதன் மேல் பட்டதும் வேகம் குறைந்து, மறுபடியும் தண்ணீராகிவிடுகிறது. ஒரு வாளியை வைத்துப் பிடி. குடிக்க உதவாது. செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். ஈரக் காற்றுள்ள கடலோர ஊர்களில் வாளி சீக்கிரம் நிறையும்.

ஆனால் ஒழுகும் குழாயில் சொட்டுகிறதே, அது எவருக்கும் குளிர்ச்சி தராத தண்ணீர். வீட்டில் அப்படி ஒரு குழாய் இருந்தால் அதன் கீழே ஒரு தம்ளரை வை. 200 மில்லி லிட்டர் தம்ளர் ஒரு மணி நேரத்தில் நிறைந்தால், ஒரு நாளைக்கு 4.8 லிட்டர். மாதத்துக்கு 144 லிட்டர். உன் கணக்கை அப்பாவிடம் காட்டு. பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். மாற்றினால் தீர்ந்தது.

பெரிய தட்டு, பெரிய தம்ளர்

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டுபோயின. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்கள் கொண்ட ஒரு ரயில் தண்ணீர் கொண்டுவந்தது. எவ்வளவு தெரியுமா? 25 லட்சம் லிட்டர்!

இப்போது உன் அளவுகோலை எடு. அதில் இரண்டரை மில்லிமீட்டர் எவ்வளவு என்று பார். ஒரு சதுர கிலோமீட்டர் ஏரியில் அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஆவியானால், பறந்துபோனது சரியாக 25 லட்சம் லிட்டர். ஒரு ரயில் தண்ணீர்! நல்ல கோடையில் ஒரே நாளில் அதைவிட அதிகமாகவே பறந்துவிடும். நம் ஏரிகள் பரந்து விரிந்தவை, ஆழம் குறைந்தவை. மொட்டை மாடியில் நீ வைத்த தட்டின் கதைதான் இங்கேயும்.

இதைத் தடுக்கப் பலரும் முயன்றிருக்கிறார்கள். 2012இல் குஜராத்தில் நர்மதைக் கால்வாயின் ஒரு பகுதி மேல் சூரிய மின்தகடுகளைக் கூரையாகப் போட்டார்கள். கீழே தண்ணீருக்கு நிழல், மேலே மின்சாரம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 2015இல் ஒரு நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். வெயில் பட்டு நீரின் தரம் கெடாமல் இருப்பதற்காகச் செய்தார்கள். அதோடு ஆவியாவதும் குறைந்தது. 2017 ஏப்ரலில் நம் வைகை அணையிலும் தண்ணீர் மேல் தெர்மாகோல் அட்டைகளைப் பரப்பினார்கள். காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கிவிட்டது. தண்ணீரை மூடுவது என்ற எண்ணம் சரிதான். ஆனால் காற்றில் பறக்காத மூடி வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் பந்துகளுக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். அந்தக் கனம்தான் அவற்றைப் பறக்கவிடவில்லை.

சரி, வெயிலும் காற்றும் தொட முடியாத ஓரிடத்தில் தண்ணீரைச் சேர்த்துவைக்க முடியுமா? முடியும், உன் காலடியில்! மண்ணுக்குள் ஆழமாக இறங்கிவிட்ட தண்ணீருக்கு வாசல் ஏறக்குறைய மூடிவிட்டது. அதுதான் நம் பெரிய தம்ளர். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று 2003இல் கட்டாயமாக்கினார்கள். மொட்டை மாடியில் விழும் மழையைக் குழாய் வழியே குழிக்குள் இறக்குகிறோம். அது நிலத்தடியில் சேர்ந்து கிணற்றில் ஊறுகிறது.

உன் வீட்டில் அந்தக் குழாய் எங்கே இருக்கிறது? மாடியில் அதன் வாயில் சருகும் குப்பையும் அடைத்துக் கிடக்கிறதா? பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார். இந்த விடுமுறையிலேயே சுத்தம் செய்துவிடுங்கள். கோடை மழை சொல்லிவிட்டு வருவதில்லை.

உனக்கு ஒரு வேலை

ஓர் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி மாடியில் வை. காலை ஏழு மணிக்கு அளவுகோலால் உயரத்தை அளந்து எழுது. மறுநாள் அதே நேரத்தில் மறுபடி அளந்து, எத்தனை மில்லிமீட்டர் குறைந்தது என்று பார். நடுவில் மழை பெய்தாலோ, காக்கை குளித்தாலோ கணக்கு செல்லாது! சின்னப் பாத்திரம் சீக்கிரம் சூடாகும், ஏரி அவ்வளவு சூடாகாது. அதனால் வந்த எண்ணில் பத்தில் ஏழு பங்கை மட்டும் எடுத்துக்கொள். நீரியல் பொறியாளர்களும் ஏறக்குறைய இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்.

பிறகு உன் ஊர் ஏரி எத்தனை சதுர கிலோமீட்டர் என்று ஆசிரியரிடம் கேள். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் பத்து லட்சம் லிட்டர். பெருக்கு. வந்த விடையை 25 லட்சத்தால் வகு. உன் ஊர் ஏரியிலிருந்து தினமும் எத்தனை ரயில் தண்ணீர் வானத்துக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். ஊரில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த முதல் ஆள் நீயாகவே இருக்கலாம்!